ஊர் நகர கூட்டுறவு வங்கியில அப்பா பணத்தை போடலாமா? எதை பாத்து நம்புறது?

நீடா_ஜங்ஷன்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா 60 முடிஞ்சு ரிட்டயர் ஆயிட்டாரு. செட்டில்மென்ட் பணமும், ஊர்ல மூணு மா நெலம் வித்ததும் சேந்து கையில ஒரு 22 லட்சம் இருக்கு. எங்க போடுறதுன்னு வீட்டுல தினம் பஞ்சாயத்து. கடைத்தெருவுல ஒரு அர்பன் பேங்க், அதாவது நகர கூட்டுறவு வங்கி இருக்கு, தாத்தா காலத்துலேந்து அங்கதான் நகை வைக்கிறது மீட்கிறது எல்லாம், சீனியர் சிட்டிசனுக்கு எட்டரை பர்சென்ட் தர்றாங்க. அப்பாவுக்கு மொத்தத்தையும் அங்கயே போடணும், கேட்டா "சேர்மன் நம்ம ஊரு, செக்ரட்டரி என்கூட படிச்சவன், ஓடியா போயிடுவான்"னு சொல்றாரு. இது பத்தாதுன்னு அவரோட ஃப்ரெண்டு ஒருத்தர் பஸ் ஸ்டாண்டு மாடியில இருக்குற இன்னொரு எடத்துல பன்னெண்டு பர்சென்ட் தர்றாங்கன்னு வீட்டுக்கே பாரத்தோட வந்துட்டாரு. எனக்கு பேலன்ஸ் ஷீட்லாம் படிக்க தெரியாது, நான் படிச்சது மெக்கானிக்கல். சின்ன பேங்க் ஒண்ணு உள்ள ஸ்ட்ராங்கா இருக்கா இல்ல பெயின்ட் மட்டும்தான் புதுசான்னு வெளியிலேந்து எப்படி கண்டுபிடிக்கிறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடந்தை_ரிட்டயர்டு:
தம்பி, நான் பேங்க்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவன், இப்ப வீட்ல சும்மா இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுவேன், பொறுத்துக்க. பேங்க் ஸ்ட்ராங்கான்னு கேக்குறதுக்கு முன்னாடி அது பேங்க்தானான்னு கேளு. நம்ம பக்கத்துல "பேங்க்"னு வாயில சொல்றது நாலஞ்சு விதம். ஒண்ணு நிஜமான பேங்க், ஆர்பிஐ லைசென்ஸ் இருக்கும், அர்பன் பேங்க், மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, கிராம பேங்க் எல்லாம் இதுல வரும். ரெண்டாவது விவசாயக் கடன் சொசைட்டி, அதாவது தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், அதையும் ஊர்ல பேங்க்னுதான் சொல்றோம், ஆனா அது பேங்க் கிடையாது. மூணாவது நிதி கம்பெனி, கம்பெனி சட்டத்துல வர்றது, மெம்பர்கிட்ட மட்டும்தான் டெபாசிட் வாங்கணும். அப்புறம் சீட்டு கம்பெனி, ஃபைனான்ஸ்.

இதுல முதல் வகைக்கு மட்டும்தான் டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. டிஐசிஜிசின்னு ஆர்பிஐயோட கம்பெனி, ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல அசலும் வட்டியும் சேத்து 5 லட்சம் வரைக்கும். 2020 பிப்ரவரிக்கு முன்னாடி இது வெறும் 1 லட்சம்தான். சொசைட்டிக்கு கிடையாது, நிதிக்கு கிடையாது, சீட்டுக்கு கிடையாது. டிஐசிஜிசி வெப்சைட்ல இன்சூர் ஆன பேங்க் லிஸ்ட் இருக்கு, உங்க ஊர் அர்பன் பேங்க் பேரு எழுத்துக்கு எழுத்து அதுல இருக்கான்னு முதல்ல பாரு. ஒத்த பேர்ல வேற வேற ஊர்ல இருக்கும், ஏமாந்துடாத. கூட்டுறவு சங்கங்கள் பேங்க்னு பேரு போட்டுக்கிட்டு டெபாசிட் வாங்குறாங்க, ஜாக்கிரதைன்னு 2021 நவம்பர்ல ஆர்பிஐயே அறிக்கை விட்டுச்சு.

மாடியில பன்னெண்டு பர்சென்ட்டுன்னு சொன்னியே, அது என்னன்னு நீ சொல்லல, ஆனா எனக்கு தெரியும்.

தறுதலை_தஞ்சை:
எதுக்கு இவ்ளோ ஆராய்ச்சி ப்ரோ. அப்பாவுக்கு 60 ஆயிடுச்சுல்ல, போஸ்ட் ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் ஸ்கீம் 8.2 பர்சென்ட், 30 லட்சம் வரைக்கும் போடலாம், மூணு மாசத்துக்கு ஒருதரம் வட்டி கணக்குல வந்துரும், கவர்மென்ட் கேரண்டி. அர்பன் பேங்க் எட்டரை. வித்தியாசம் 0.3. இருபத்திரண்டு லட்சத்துக்கு வருஷத்துக்கு 6,600 ரூவா. அதுக்காக செக்ரட்டரி நல்லவரா கெட்டவரான்னு தூக்கம் கெட்டு அலையணுமா?

நீடா_ஜங்ஷன்:
@தறுதலை_தஞ்சை இதை நான் சொல்லிட்டேன் ப்ரோ, "போஸ்ட் ஆபீஸ்ல அவசரத்துக்கு எடுக்க முடியாது, அர்பன் பேங்க்னா ராத்திரி ஒம்பது மணிக்கும் செக்ரட்டரி வீட்டு கதவ தட்டலாம்"ங்கிறாரு. எதுத்து பேசவும் முடியல.

@குடந்தை_ரிட்டயர்டு ஐயா லிஸ்ட்ல பேரு இருக்கு, செக் பண்ணிட்டேன். மாடி ஆபீஸ் நிதிதான், பாரத்துல கடைசி வரியில சின்னதா "நிதி லிமிடெட்"னு இருக்கு.

பாபநாசம்காரன்:
நிதியில மாட்டுனவன் பேசுறேன். பேரு வேணாம், கேஸ் ஓடிட்டு இருக்கு. எங்களுக்கு பாரம் கொண்டு வந்தது எங்க சித்தப்பாவே, அவருக்கு டெபாசிட் புடிச்சு குடுத்தா கமிஷன். மொதல்ல ரெண்டு வருஷம் வட்டி டாண்ணு தேதிக்கு வந்துச்சு, அதை பாத்துட்டு எங்க தெருவுல பாதி பேரு போட்டாங்க, அப்புறம் மெச்சூரிட்டி ஆனவங்களை எல்லாம் "ரினியூவல் பண்ணுங்க, அரை பர்சென்ட் சேத்து தர்றோம்"னு பேச ஆரம்பிச்சாங்க, அப்பவே முழிச்சிருக்கணும் தெரு ஜனம். அப்புறம் ஷட்டர். இப்ப பொருளாதாரக் குற்றப்பிரிவுல புகார் குடுத்து, 1997 சட்டம் இருக்குல்ல, டெபாசிட்தாரர் பாதுகாப்பு சட்டம், அதுல சொத்தை ஜப்தி பண்ணி வித்து பங்கு தருவாங்களாம். எப்பன்னு மட்டும் கேக்காதீங்க.

சித்தப்பா இன்னும் விசேஷத்துக்கு வர்றாரு. என்ன பண்றது.

குடந்தை_ரிட்டயர்டு:
பாபநாசம் தம்பி சொன்னதுல ஒரு சட்ட விஷயம் இருக்கு, எல்லாரும் குறிச்சுக்கங்க. நிதி ரூல்ஸ் 2014-ன்படி ஒரு நிதி கம்பெனி டெபாசிட் புடிக்கிறதுக்கு யாருக்கும் கமிஷன் குடுக்கக் கூடாது, டெபாசிட் கேட்டு விளம்பரமும் பண்ணக் கூடாது. அப்ப வீட்டுக்கு பாரத்தோட ஒருத்தர் வந்தாருன்னா, அந்த கம்பெனியோட பண நிலைமை எப்படி இருக்குன்னு பாக்கவே வேணாம், வாசல்லயே ரூல் ஒடைஞ்சு போச்சு. எல்லா நிதியும் மோசம்னு சொல்ல மாட்டேன், நூறு வருஷத்துக்கு மேல ஒழுங்கா நடந்த நிதியெல்லாம் தமிழ்நாட்டுல உண்டு. ஆனா நகை, சொத்து, டெபாசிட் ரசீது இந்த மாதிரி ஈட்டு மேல மட்டும்தான் கடன் குடுக்கணும்னு இருக்குற கம்பெனி, உனக்கு பன்னெண்டு குடுத்துட்டு வாடகை சம்பளம் எல்லாம் போக கடன்காரன்கிட்ட எவ்வளவு வாங்கணும்னு நீயே கணக்கு போடு. அந்த வட்டிக்கு நல்ல நகையை எவன் கொண்டாந்து வைப்பான்? பக்கத்துலயே பேங்க்ல ஒம்பது பத்துக்கு நகைக்கடன் கிடைக்குதே.

தணிக்கை_அக்கா:
தம்பி, நான் கூட்டுறவு தணிக்கைத் துறையில இருந்தேன், எந்த மாவட்டம்னு சொல்ல மாட்டேன். அப்பா சொல்ற "ஓடியா போயிடுவான்"ங்கிறதுக்கு பதில் சொல்றேன். யாரும் ஓட மாட்டாங்க. நான் பாத்த மோசமான கேஸ்ல எல்லாம் செக்ரட்டரி கடைசி நாள் வரைக்கும் சீட்டுலதான் உக்காந்திருந்தாரு, ஊர்ல எல்லாருக்கும் வேண்டியவரு, யாருக்கும் இல்லைன்னு சொல்ல மாட்டாரு. அதுதான் வியாதியே. இல்லைன்னு சொல்லத் தெரியாதவர்கிட்ட கடன் டேபிளை குடுத்தா என்ன ஆகும். ராத்திரி ஒம்பது மணிக்கு கதவை தட்டுனா தொறக்குறாருன்னா எனக்கு பயமாத்தான் இருக்கும், உங்க அப்பாவுக்கு தொறந்தவரு இன்னொருத்தருக்கும் தொறந்திருப்பாருல்ல.

சரி என்ன பாக்கணும்னா. வருஷா வருஷம் பேரவைக் கூட்டத்துக்கு ஒரு ஆண்டறிக்கை புக்கு அடிப்பாங்க, அப்பா அங்கத்தினரா இருந்தா கேட்டு வாங்க உரிமை இருக்கு. குடுக்காம "நாளைக்கு வாங்க, நாளான்னைக்கு வாங்க"ன்னா அதுவே பாதி பதில். புக்கு கைக்கு வந்தா லாபத்தை பாக்காதீங்க, லாபத்தை எப்படி வேணா காட்டலாம், வராத வட்டியை வந்த மாதிரி எழுதுனா லாபம்தான். நேரா "இதர சொத்துக்கள்", "அனாமத்து", "வர வேண்டிய வட்டி" இந்த மூணு தலைப்புக்கு போங்க. போன வருஷத்தை விட அனாமத்து நாலு மடங்கு ஏறியிருந்தா கேள்வி கேளுங்க, கணக்கு ஒத்து வராததை எல்லாம் தள்ளி வைக்கிற எடம் அது. அப்புறம் தணிக்கை வகை, ஏ பி சி டி. ஏ இருந்தா நல்லதுதான், ஆனா ஏ-வை மட்டும் நம்பி ஒக்காராதீங்க, மூணு நாலு வருஷமா ஏ-வா இல்ல ஏ-லேந்து பி, பி-லேந்து சி-ன்னு எறங்கிட்டு வருதான்னு பாருங்க. தணிக்கையே ரெண்டு வருஷம் பாக்கின்னா எழுந்து வந்துடுங்க.

நகைக்கடன். நம்ம டெல்டாவுல சின்ன பேங்குக்கு உசுரே அதுதான், ஒரு வகையில நல்லது, தங்கம் பெட்டியில இருக்கு. ஆனா பிரச்சினை வந்தா அதுலயும் வரும். கவரிங்கை வச்சு கடன், ஒரே ஆளுக்கு வீட்ல எல்லார் பேர்லயும் இருவது கடன், ஏலம் போகாம வருஷக்கணக்கா புதுப்பிச்சுட்டே போறது. வெளியிலேந்து இதை கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, நகை ஏல நோட்டீஸ் பேப்பர்ல ஒழுங்கா வருதான்னு பாருங்க. ஏலம் விடுற பேங்கை ஊர்ல திட்டுவாங்க, நான் அதைத்தான் நம்புவேன்.

இன்னொண்ணு, அங்க "81 விசாரணை" எதாவது நடந்துச்சான்னு விசாரிங்க. கூட்டுறவு சட்டம் 81-வது பிரிவு, பதிவாளர் போடுற விசாரணை. அதுக்கப்புறம் 87-ல தண்டத்தீர்வை போட்டு நஷ்டத்தை சம்பந்தப்பட்டவங்ககிட்ட வசூல் பண்ணுவாங்க. பேங்க்ல கேட்டா சொல்ல மாட்டாங்க, எதுத்த டீக்கடையில சொல்லுவாங்க.

மன்னை_மாப்ள:
அக்கா அந்த ஏல நோட்டீஸ் பாயின்ட் வேற லெவல். நான் இத்தனை நாளா ஏல நோட்டீஸ் நெறைய வந்தா பேங்க் திவால் ஆகப் போகுதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.

ஆனா ஒரு டவுட்டு. விவசாயக் கடன் தள்ளுபடி பண்றாங்களே, 2021-ல கூட 12,110 கோடி தள்ளுபடி பண்ணாங்க, அப்ப அந்த பணம் போச்சுன்னா சொசைட்டி எப்படி நிக்குது?

தணிக்கை_அக்கா:
தள்ளுபடி பண்ணா அரசாங்கம் அந்த தொகையை சங்கத்துக்கு ஈடு கட்டணும், அதை மொத்தமா உடனே தர மாட்டாங்க, தவணையில வரும். அது வர்ற வரைக்கும் சங்கத்தோட கணக்குல "அரசிடமிருந்து வர வேண்டியது"ன்னு நிக்கும். பணம் போகல, ஆனா கையில இல்ல. சொசைட்டி டெபாசிட்ல போடுறவங்க இதை புரிஞ்சுக்கணும், சங்கம் நேர்மையா இருந்தாலே கூட கையில பணத்துக்கு தட்டுப்பாடு வரலாம். இன்னொன்னு "எப்படியும் தேர்தலுக்கு தள்ளுபடி வரும்"னு கட்டக்கூடியவனும் கட்டாம ஒக்காந்திருப்பான், அதை எந்த புக்குலயும் எழுத மாட்டாங்க. அர்பன் பேங்க்ல விவசாயக் கடன் கம்மி, அதனால இந்த தலைவலி அவங்களுக்கு அவ்வளவா இல்ல.

நீடா_ஜங்ஷன்:
அக்கா புக்கு கிடைச்சுது! கேட்ட ஒடனே குடுத்துட்டாங்க, காபி வேற குடுத்தாங்க. உள்ள இருந்ததை எழுதுறேன். டெபாசிட் 64 கோடி, கடன் 41 கோடி, அதுல நகைக்கடன் 30 கோடி. சிஆர்ஏஆர் 17-ன்னு இருக்கு. மொத்த என்பிஏ 6.2, நிகர என்பிஏ 1.9. லாபம் நாலு வருஷமா இருக்கு. தணிக்கை வகை ஏ. அனாமத்து போன வருஷத்தை விட கொறஞ்சிருக்கு. இதுல சிஆர்ஏஆர்னா என்னன்னு யாராவது மெக்கானிக்கலுக்கு புரியுற மாதிரி சொல்லுங்க.

குடந்தை_ரிட்டயர்டு:
பேங்க் குடுத்த கடன்ல நஷ்டம் வந்தா டெபாசிட்காரன் தலையில கை வைக்கிறதுக்கு முன்னாடி பேங்கோட சொந்தப் பணம் எவ்வளவு நஷ்டத்தை தாங்கும், அதுதான் சிஆர்ஏஆர். ஆபத்துக்கு தகுந்த மாதிரி கடனை எடை போட்டு, அதுல நூத்துக்கு எத்தனை ரூபா சொந்த மூலதனம்னு சொல்ற கணக்கு. 100 கோடிக்குள்ள டெபாசிட் இருக்குற உங்க பேங்க் மாதிரி சின்னதுக்கு குறைஞ்சது 9, பெரிய அர்பன் பேங்குக்கு 12. பதினேழு நல்லாவே இருக்கு.

என்பிஏன்னா வட்டியோ தவணையோ 90 நாளைக்கு மேல நின்னு போன கடன். மொத்தம் 6.2, நிகரம் 1.9-ன்னா நடுவுல இருக்குறதுக்கு ஏற்கனவே லாபத்துலேந்து ஒதுக்கி வச்சுட்டாங்கன்னு அர்த்தம். ஒதுக்காம விட்டிருந்தா லாபம் இன்னும் ஜோரா காட்டியிருக்கலாம், காட்டல. எனக்கு அது பிடிச்சிருக்கு.

ஆர்பிஐயே நல்ல அர்பன் பேங்க் எதுன்னு பிரிக்க 2022-ல ஒரு அளவுகோல் சொல்லியிருந்துச்சு, நாம புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேணாம். குறைஞ்சபட்ச சிஆர்ஏஆருக்கு மேல ஒரு பர்சென்ட்டாவது கூட இருக்கணும், நிகர என்பிஏ 3-க்குள்ள இருக்கணும், கடைசி நாலு வருஷத்துல மூணு வருஷமாவது லாபம், போன வருஷம் நஷ்டம் கூடாது, போர்டுல தொழில் தெரிஞ்ச டைரக்டர் ரெண்டு பேராவது, கோர் பேங்கிங், அதாவது எல்லா கணக்கும் ஒரே கம்ப்யூட்டர் சிஸ்டத்துல, முழுசா வந்திருக்கணும். நீ சொன்ன நம்பர் வரைக்கும் பாஸ். டைரக்டர் யாருன்னு புக்குல முதல் பக்கத்துலயே இருக்கும், ஒரு ஆடிட்டரோ ரிட்டயர்டு பேங்கரோ இருக்காரான்னு பாத்துக்க.

அப்புறம் மார்ச் 31 கணக்கை பாக்குறப்ப ஒண்ணு மனசுல வச்சுக்க. நம்ம பக்கம் சம்பா அறுத்து கொள்முதல் பணம் வந்து சேர்ற சமயம் அது, டெபாசிட் அப்ப கொஞ்சம் கொழுத்துத்தான் தெரியும். ஜூன்ல மேட்டூர் தொறந்து குறுவைக்கு விதை உரம்னு எல்லாரும் எடுக்குற சமயத்துல பேங்க் சுணங்காம குடுக்குதா, அதையும் அங்க கணக்கு வச்சிருக்குறவங்ககிட்ட கேளு.

ஆர்பிஐ வெப்சைட்ல பிரஸ் ரிலீஸ் தேடு. அபராதம் ரெண்டு லட்சம் மூணு லட்சம்னு போட்டிருந்தா பதறாத, கேஒய்சி சரியா வைக்கல அது இதுன்னு நெறைய பேருக்கு வரும். "35ஏ பிரிவின் கீழ் உத்தரவு"ன்னு இருந்தாதான் நெஞ்சுல கை வைக்கணும், அது வந்தா பணம் எடுக்க உச்சவரம்பு போடுவாங்க. 2019 செப்டம்பர்ல மும்பை பிஎம்சி பேங்குக்கு (பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கி) வந்தப்ப மொதல்ல ஒரு ஆளு ஆயிரம் ரூவாதான் எடுக்கலாம்னாங்க. ஏன் அந்த நெலமைன்னா கடன்ல எழுவது பர்சென்ட்டுக்கு மேல ஒரே ரியல் எஸ்டேட் குரூப்புக்கு போயிருந்துச்சு, அதை பொய்க்கணக்கு ஆயிரக்கணக்குல போட்டு மறைச்சிருந்தாங்க. அவங்க புக்குலயும் நம்பரெல்லாம் அழகாத்தான் இருந்துச்சு.

தறுதலை_தஞ்சை:
அதானே பாத்தேன். நம்பரே பொய்யா இருக்கலாம்னா இவ்ளோ நேரம் எதுக்கு சார் நம்பர் படிச்சோம்?

குடந்தை_ரிட்டயர்டு:
நல்ல கேள்வி. நம்பர் மோசமா இருந்தா பேங்க் மோசம்னு நிச்சயமா சொல்லலாம். நல்லா இருந்தா வேண்டாம்னு சொல்ல காரணம் இன்னும் கிடைக்கல, அவ்வளவுதான். நம்பர்ல தெரியாத ஆபத்துக்குத்தான் அந்த 5 லட்சம் இன்சூரன்ஸ். 2021-ல சட்டத்தை திருத்துனதுலேந்து, பேங்க் மேல இப்படி 35ஏ உத்தரவு விழுந்தா 90 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் பணம் குடுத்தாகணும். அதுக்கு முன்னாடியெல்லாம் பேங்க்கை இழுத்து மூடி கணக்கு முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்.

பெரிய பேரைப் பாத்து நம்புறதும் இதே கதைதான் தம்பி. 1906-ல மெட்ராஸ்ல ஆர்பத்நாட்டுன்னு வெள்ளைக்காரன் கம்பெனி, கவர்மென்ட் மாதிரி நெனச்சு ஜனங்க பணத்தை போட்டாங்க, ஒரே நாள்ல படுத்துச்சு. அந்த ஆத்திரத்துல 1907-ல ஆரம்பிச்சதுதான் இந்தியன் பேங்க், அதுக்கு முன்னால நின்ன வி. கிருஷ்ணசாமி ஐயர் நம்ம திருவிடைமருதூர்க்காரர். 1904-ல கும்பகோணம் பேங்க்னு சின்னதா ஆரம்பிச்சது இன்னைக்கு சிட்டி யூனியன் பேங்க்கா நிக்குது. பேங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-ல இந்தியன் பேங்கோட சேந்துடுச்சு. எது நிக்கும்னு அன்னைக்கு போர்டை பாத்து யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மன்னை_மாப்ள:
லட்சுமி விலாஸ் பேங்கையும் சேத்துக்கங்க ஐயா. எங்க வீட்ல அதுலதான் கணக்கு. 2020 நவம்பர்ல 25,000-க்கு மேல எடுக்க முடியாதுன்னு சொன்னப்ப அம்மா சாமி ரூமை விட்டு வெளியிலயே வரல. கொஞ்ச நாள்ல டிபிஎஸ் பேங்கோட சேத்துட்டாங்க, டெபாசிட்ல ஒத்த ரூபா போகல. ஆனா ஷேர் வாங்கியிருந்த மாமா பணம் சுத்தமா ஜீரோ. அதனால தம்பி, அர்பன் பேங்க்ல "அங்கத்தினர் பங்கு கூட வாங்கிக்கங்க"ன்னா தேவைக்கு மேல வாங்காதீங்க, பங்குக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

நீடா_ஜங்ஷன்:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். அப்பாகிட்ட இந்த பேச்சு மொத்தத்தையும் படிச்சு காட்டுனேன். "தணிக்கை அக்கா" சொன்னதை மட்டும் ரெண்டு தடவை படிக்க சொன்னாரு, அப்புறம் எதுவும் சொல்லல, வெத்தலைப் பெட்டிய எடுத்துட்டு திண்ணைக்கு போயிட்டாரு. சாயங்காலம் அவரே நிதிக்காரருக்கு போன் போட்டு வேண்டாம்னுட்டாரு. இப்ப முடிவு என்னன்னா 15 லட்சம் போஸ்ட் ஆபீஸ் ஸ்கீம், மீதி 7 அர்பன் பேங்க்தான், அதுல பிடிவாதமா இருக்காரு. அப்பா பேர்ல 4.5, அம்மா பேர்ல 2.5-ன்னு பிரிச்சா இன்சூரன்ஸ் ரெண்டு பேருக்கும் தனித்தனியா வருமா?

குடந்தை_ரிட்டயர்டு:
வரும், ஆள் வேறன்னா வரம்பும் வேற. ஆனா அப்பா பேர்ல 4.5 போட்டுட்டு வட்டியை அசலோட சேக்குற டெபாசிட்டா எடுத்தா எட்டரை பர்சென்ட்ல ரெண்டு வருஷத்துக்குள்ள 5 லட்சத்தை தாண்டிடும், தாண்டுன காசுக்கு பாதுகாப்பு இல்ல. அதனால மாசாமாசமோ மூணு மாசத்துக்கோ வட்டி வாங்குற டெபாசிட்டா போடு, அந்த வட்டி வேற பேங்க் கணக்குக்கு போற மாதிரி எழுதிக் குடு. அதே பேங்க்ல அப்பாவுக்கு சேமிப்புக் கணக்குல எவ்வளவு இருக்கு? அதுவும் இந்த அஞ்சுல சேரும், எல்லா கிளையும் சேத்துத்தான் கணக்கு. அப்பா பேர்ல அங்க நகைக்கடன் ஓடுதுன்னா அதை கழிச்சுட்டு மிச்சத்தைத்தான் தருவாங்க, இதையும் கேட்டுக்க. நாமினி போட மறக்காத, ரசீதுல நாமினி பதிவானதா அச்சாகியிருக்கான்னு கவுன்டர்லயே நின்னு பாத்துட்டு வா.

நீடா_ஜங்ஷன்:
சேமிப்புக் கணக்குல ஒரு எண்பதாயிரம் இருக்கு ஐயா. நகைக்கடன் இருக்கான்னு கேட்டேன், அம்மா அப்பாவைப் பாத்தாங்க, அப்பா பேப்பர் படிக்கிறாரு. நாளைக்கு நானே போய் கேட்டுட்டு எழுதுறேன்.